எமக்கு இல்லம் இரண்டு

"உனக்கு எந்த ஊர் அம்மா?" என்று யாரேனும் கேட்டால், விடுதி மாணவியராகிய நாங்கள் சற்றுத் தயங்குவோம். பிறந்த ஊர் ஒன்று. ஆண்டில் பத்து மாதம் உண்டு, உறங்கி, படிக்கும் ஊர் மற்றொன்று. எதைச் சொல்வது?

எங்களுள் பலர் மணப்பாடு, உவரி, இடிந்தகரை என முத்துக்குளித்துறைக் கடலோரம் பிறந்தவர்கள். சிலர் கரிசல் காட்டுப் பிள்ளைகள். ஆறாம் வகுப்பில் தகரப் பெட்டியோடு வந்திறங்கிய நாள்களில், விளக்கணைந்ததும் தலையணைகள் நனைந்தன. கடலோசை இல்லாமல் உறக்கம் வரவில்லை என்றாள் ஒருத்தி. தம்பியோடு சண்டை போடாமல் சோறு இறங்கவில்லை என்றாள் மற்றொருத்தி.

இன்றோ கதை வேறு! விடுமுறையில் ஊருக்குப் போனாலும் ஐந்தரை மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது; காது விடுதி மணியைத் தேடுகிறது. அடுக்களையில் பானைகள் இடம் மாறியிருக்கின்றன. எங்கள் பாயில் தங்கை படுத்துப் பழகிவிட்டாள். "பிள்ளை விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருக்கிறாளே" என்று அம்மா சொல்லும்போது நெஞ்சு சுருக்கென்கிறது. வீடு இரண்டாயிற்றா, இருந்த ஒன்றும் போயிற்றா என்று அஞ்சியதுண்டு.

இதற்கு விடை தமிழ்ப் பாடத்தில் கிடைத்தது. வீரமாமுனிவர் 1680-ஆம் ஆண்டு இத்தாலியில் பிறந்தவர். 1711-இல் மதுரை மறைப்பணிக்கு வந்தார். 1747-இல் இறக்கும்வரை தாய்நாடு திரும்பவில்லை. சதுரகராதி தொகுத்தார், ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவுக்கு ஆலயம் எழுப்பினார். எ, ஏ என்றும் ஒ, ஓ என்றும் இன்று நாம் வேறுபடுத்தி எழுதுவது அவர் செய்த சீர்திருத்தமே. வந்த வீட்டில் விருந்தாளியாய் அமராமல், அவ்வீட்டின் எழுத்தையே செம்மை செய்தார்! அவர் பாடிய தேம்பாவணியின் தலைவர் புனித சூசையப்பர். பெத்லகேம், எகிப்து, நாசரேத்து என அவரும் இடம் மாறியவரே. சென்ற இடத்தைத் திருக்குடும்பத்திற்கு வீடாக்கியது அவருடைய உழைப்பன்றோ!

உண்ட இடம் சத்திரமாகலாம். உழைத்த இடமே இல்லமாகும். விடுதித் தோட்டத்து வெண்டைக்கு நீர் ஊற்றிய பிறகே, சின்னப் பிள்ளைகளுக்குத் தலை பின்னிவிட்ட பிறகே, இவ்விடம் எங்களுடையதாயிற்று. சென்ற மே விடுமுறையில் ஊரிலும் அவ்வாறே செய்தோம். பெட்டியை வைத்ததும் அரிவாள்மணையை எடுத்துச் சாளை மீன் அரிந்தோம். தம்பிக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தோம். "கை மறக்கவில்லை" என்று அம்மாமார் மகிழ்ந்தார்கள். விருந்தாளி என்ற சொல் பிறகு எழவேயில்லை.

இவ்வாண்டு புதிதாய்ச் சேர்ந்து அழும் அன்புத் தங்கைகளே! அழுவது குற்றமன்று, அன்புள்ள வீட்டிலிருந்து வந்தீர்கள் என்பதற்கு அது சாட்சி. கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்களோடு ஒரு குடம் தண்ணீர் எடுக்க வாருங்கள். இரு இல்லங்களுக்கும் பயன்பட நல்ல கரங்களை இறைவன் நமக்கு அருள்வாராக!

– விடுதி மாணவியர், பதினோராம் வகுப்பு