கழட்டி எறிஞ்சதுக்குள்ள எங்கட எழுத்தும்

ஏ.எல் படிக்கேக்க எங்கள் நாலு பேருக்கும் சேர்த்து ஒரு கொம்பியூட்டர்தான் இருந்தது. பென்டியம் 4, 256 எம்பி ராம். சுவிட்சைப் போட்டிட்டுப் போய்த் தேத்தண்ணி குடிச்சிட்டு வந்தாலும் அது முழிச்சிருக்காது.

திருத்தக் குடுத்த இடத்து அண்ணை ஒரு சீடியைப் போட்டார். விண்டோஸ் எக்ஸ்பிதான். ஆனால் மைக்ரோசொஃப்ட் விட்டது இல்லை. என்லைட் எண்டொரு மென்பொருளால் எக்ஸ்பியின் பகுதிகளைக் கழிச்சுப் புதுச் சீடி எழுதலாம். அப்படி ஆரோ மெலிய வைச்ச எக்ஸ்பிகள் அப்ப கைமாறித் திரிஞ்சன.

"தேவையில்லாத சாமான் எல்லாம் கழட்டியிருக்கு தம்பியவை, இனிப் பறக்கும்."

உண்மையாவே பறந்தது. ரெண்டு நாள் கழிச்சு ஒரு தமிழ்ச் செய்தித்தளத்தைத் திறந்தால் பக்கம் முழுக்கப் பெட்டி பெட்டியாக நிக்குது. ஆனால் நாங்கள் பாமினியில் அடிச்சு வைச்ச கட்டுரைகள் வடிவாகத் தெரிஞ்சன.

காரணம் விளங்கக் கொஞ்ச நாள் எடுத்தது. பாமினியில் உள்ளுக்க இருப்பது ஆங்கில எழுத்து; மேல போர்த்தியிருப்பதுதான் தமிழ். அது தமிழ் எண்டே கணினிக்குத் தெரியாது. யுனிக்கோட் அப்படியில்லை. 'கொ' எண்டு காட்ட, கொம்பை முன்னுக்கும் அரவைப் பின்னுக்கும் வைக்கத் தெரிஞ்ச கோப்புகளும் லதா எழுத்துருவும் விண்டோஸுக்குள் இருக்க வேணும். கொன்ட்ரோல் பனலுக்குள் போய் அதுக்குரிய பெட்டியில் சரி போட்டோம். சீடியைப் போடச் சொல்லிக் கேட்டது. போட்டோம். சீடியில் அந்தக் கோப்புகளே இல்லை.

அந்தச் சீடியைச் செய்தவருக்கு எங்களோட ஒரு கோபமும் இருந்திருக்காது. தமிழ் வாசிக்கிற ஆக்களும் இதைப் போடுவினம் எண்ட நினைப்பே வந்திருக்காது. அதுதான் எங்களுக்குக் கூட நோகுது.

கடைசியில் ரியூசன் சேர் ஒருத்தரிட்ட முழு எக்ஸ்பி சீடியை இரவல் வாங்கி அந்தக் கோப்புகளை ஏத்தினோம். பெட்டிகள் எழுத்தானதும் நாங்கள் முதல் வாசிச்சது முன்பின் தெரியாத ஒருவரின் மரண அறிவித்தல். சத்தம்போட்டு வாசிச்சோம்.

இப்ப அதே கதை திரும்ப வந்திருக்கு. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14உடன் முடிஞ்சுது. விண்டோஸ் 11 குறைஞ்சது 4 ஜிபி ராமும் டிபிஎம் 2.0உம் கேட்குது. பழைய லப்டொப்காரர் டைனி11 மாதிரி மெலிஞ்ச பதிப்புகளைத் தேடுகினம். அதிலும் டைனி11 கோர் எண்ட பதிப்பில் விண்டோஸ் அப்டேட் வேலை செய்யாது, டிஃபெண்டரும் முடக்கப்பட்டிருக்கு. ஓட்டைகளை அடைக்க வழியில்லாத அந்தக் கணினியில் வங்கிக் கடவுச்சொல்லை அடிக்கலாமோ?

காசில்லாதவனிட்டப் போய், போடாதை எண்டு சொல்ல எங்களுக்கு வாய் வராது. பப்பி லினக்ஸ், அன்டிஎக்ஸ் போன்றவை முதலே பழைய இயந்திரங்களை நினைச்சுச் செய்யப்பட்டவை. அவற்றை ஒருக்கால் பென்டிரைவில் போட்டுப் பாருங்கோ எண்டுதான் சொல்லுவோம். தமிழ் எழுத்துரு இல்லாட்டி நாங்களே சேர்க்கலாம்.

எதைப் போட்டாலும் எங்கட சோதனை ஒண்டுதான். முதல் வேலையாக ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து 'கொக்கு' எண்டு அடிச்சுப் பார்ப்போம்.