காதுக்குள் ஒரு கச்சேரி

ராக் சங்கீதம் வீட்டில் உட்கார்ந்து கேட்பதற்காக ஏற்பட்டதல்ல. அது மைதானத்துச் சரக்கு. நம் ஊர் உற்சவத்தில் தவிலும் நாகஸ்வரமும் தேரடியில் நின்று நாலு வீதிக்கும் கேட்கும்படி முழங்குகின்றன அல்லவா, அந்த ஜாதி. 1976ஆம் வருஷம் மே மாதம் லண்டனில் சார்ல்டன் மைதானத்தில் ‘தி ஹூ’ கோஷ்டியார் வாசித்தபோது, 32 மீட்டர் தள்ளி அளந்து பார்த்ததில் சத்தம் 126 டெசிபல் இருந்தது. உலகத்திலேயே பலத்த கச்சேரி என்று கின்னஸ் புத்தகக்காரர்கள் அதற்கு இடம் கொடுத்தார்கள். இப்பேர்ப்பட்ட சரக்கை நாவலூரில் ஒன்பதாவது மாடிப் பிளாட்டில் வைத்து ரசிக்க வேண்டுமென்றால் என்ன செய்வது? பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடினால் நம் வீட்டுத் தேங்காய்தான் அரைபடுகிறதோ என்று சமையலறைக்கு எட்டிப் பார்க்கத் தோன்றும் வீடு இது. சென்னையிலே பாதிப் பேர் இப்படித்தான் குடியிருக்கிறோம். ஆகவே ஹெட்போன் ஒன்றுதான் கதி.

சென்னைக்கு ராக் ஒன்றும் அந்நியம் அல்ல. கிண்டி ஐ.ஐ.டி.யின் ‘மார்டி கிரா’ விழாவில், 1996இல் அது ‘சாரங்’ என்று பெயர் மாறிய பிறகும், ராக் கோஷ்டிகளுக்கென்று ஓர் இரவு உண்டு. ஏ.ஆர். ரஹ்மான் சினிமாவுக்கு வருவதற்கு முன்பு ‘நெமிஸிஸ் அவென்யூ’ என்று ஒரு ராக் கோஷ்டியே நடத்தினார். இளையராஜாவின் பாட்டுக்களில் அடியில் ஓடிக்கொண்டிருக்கும் பேஸ் கிதாரைத் தனியாகப் பின்தொடர்ந்து கேட்டவர்களுக்கு ராக்கின் வாசல் பாதி திறந்தாகிவிட்டது என்பது என் கட்சி.

காதில் மாட்டிக்கொண்டு கேட்கும் வித்தையும் பழையதுதான். 1910 வாக்கில் அமெரிக்காவில் நதானியல் பால்ட்வின் என்பவர் தம் வீட்டுச் சமையலறையில் வைத்தே கருவியைச் செய்து கடற்படைக்கு விற்றார். 1924இல் மதராஸ் மாகாண ரேடியோ கிளப் ஒலிபரப்பு ஆரம்பித்த காலத்தில் கிரிஸ்டல் ரேடியோ என்று ஒரு சாதனம் இருந்தது. மின்சாரமே வேண்டாம், ஆனால் அதன் முனகலைக் கேட்கக் காதுக் கருவி கட்டாயம் வேண்டும். சங்கீத ரசனைக்கென்றே ஸ்டீரியோ ஹெட்போன் என்று ஒன்றை 1958இல் கொண்டுவந்தவர் மில்வாக்கி நகரத்து ஜான் காஸ். அதன் பிறகு 1968இல் ஜெர்மனியின் சென்ஹைசர் கம்பெனியார் முதுகுப் பக்கம் திறந்திருக்கும் ஹெச்.டி. 414 என்ற மாதிரியை வெளியிட்டார்கள். திறந்ததா, மூடியதா என்ற அந்த வழக்குதான் பிற்பாடு எங்கள் வீட்டுக் கூடத்திலும் விசாரணைக்கு வந்தது.

எங்களோடு என் தம்பி மகன் இருக்கிறான். சிறுசேரியில் உத்தியோகம், வயது இருபத்தாறு. போவதும் வருவதும் கம்பெனி பஸ்ஸில். பழைய மகாபலிபுரம் சாலையை ராஜீவ் காந்தி சாலையாக்கினார்கள், சுங்கச் சாவடி வைத்தார்கள், 2023 அக்டோபரில் நாவலூர்ச் சாவடியில் வசூலையும் நிறுத்தினார்கள். ஹாரன் மட்டும் யாருடைய உத்தரவுக்கும் நிற்கவில்லை. போதாக்குறைக்கு மெட்ரோ ரயிலுக்குத் தூண் இறக்கும் வேலை. பஸ்ஸின் இரைச்சலுக்கு மேலே பாட்டு ஏற வேண்டும், ஏற்றினான். வீட்டுக்கு வந்த பிறகும் அந்த அளவிலேயே கேட்டான். காதுத் துவாரத்துக்குள் செருகும் சின்னஞ்சிறு கருவி அது. மூன்று வருஷம் ஓடிற்று.

ஒரு நாள் இரவு பதினொன்றரை மணிக்கு என்னிடம் வந்து, “பெரியப்பா, யார் வீட்டிலாவது குக்கர் விசில் அடிக்கிறதா?” என்றான்.

“இந்த நேரத்தில் யார் அடுப்பு மூட்டுவார்கள்? எனக்கு ஒன்றும் கேட்கவில்லையே” என்றேன்.

“நாலு நாளாக அடிக்கிறது, பெரியப்பா. விளக்கை அணைத்ததும் ஆரம்பித்துவிடுகிறது.”

காது டாக்டரிடம் போனோம். கண்ணாடி அறையில் உட்கார வைத்து, பலவிதமான ஒலிகளைக் கொடுத்து, ஒரு கோடு வரைந்தார்கள். அது நேராகப் போய்க்கொண்டிருந்து, 4000 ஹெர்ட்ஸ் என்ற இடத்தில் ஒரு பள்ளத்தில் இறங்கிப் பிறகு ஏறியிருந்தது. பலத்த சத்தத்தால் பழுதான காதுகளுக்கு அந்த இடத்துப் பள்ளம் ஒரு கைநாட்டு மாதிரியாம். உட்காதில் நத்தைக் கூடு போன்ற சுருளுக்குள் நுண்மயிர் முளைத்த உயிரணுக்கள் வரிசையாக நிற்கின்றன; சத்தம் வரும்போது நாற்று மாதிரி அசைந்து, அசைவை நரம்புக்குச் சொல்கின்றன. நாற்று சாய்ந்தால் மறு நடவு உண்டு. இந்த மயிரணுக்கள் மனிதனுக்கு ஒரு தடவை போனால் மறுபடி முளைப்பதில்லை. அவனுக்குக் கேட்கும் விசில் வெளியிலிருந்து வருவதல்ல, உள்ளேயே பிறக்கிறது.

திரும்பி வரும் வழியெல்லாம் பையன் பேசவில்லை. சோழிங்கநல்லூர் சிக்னலில் நிற்கும்போது, “அப்படியானால் இனிமேல் பாட்டே கேட்கக் கூடாதா, பெரியப்பா?” என்று மட்டும் கேட்டான். அந்தக் குரலில் பதினாறு வயசுதான் இருந்தது.

டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. அளவோடு கேட்கலாம் என்றார். அளவு என்ன என்பதற்கு உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு இருக்கிறது: 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு மூன்று டெசிபல் கூடும்போதும் நேரத்தைப் பாதியாக்க வேண்டும். 83க்கு 20 மணி, 86க்கு 10 மணி, 89க்கு 5 மணி. கந்துவட்டியை விடக் கெடுபிடியான கணக்கு. இதில் வேடிக்கை என்னவென்றால், மேலே சொன்ன ‘தி ஹூ’ கோஷ்டியின் கிதார் வித்வான் பீட் டவுன்ஷெண்டுக்கும் காது பழுதாகி, இரைச்சல் வந்துவிட்டது. தம்முடைய காதைக் கெடுத்தது மேடைச் சத்தத்தைவிட, ஒலிப்பதிவுக் கூடத்தில் மாட்டிக்கொண்ட ஹெட்போன்தான் என்று அவரே சொல்லியிருக்கிறார். மைதானத்தில் 126 டெசிபல் முழக்கியவர்!

ஆக, எங்களுக்கு வேண்டியது ‘நல்ல’ ஹெட்போன் என்பதற்குப் பொருளே மாறிவிட்டது. சத்தத்தைக் குறைத்து வைத்தாலும் ராக்கை ராக்காகக் காட்டுகிற ஹெட்போன் வேண்டும். இது லேசான காரியமில்லை. ஒலியைத் தணித்தால் மனிதக் காதுக்கு முதலில் காணாமற்போவது அடி ஸ்வரந்தான். பிளெட்சர், மன்சன் என்ற இருவர் இதை 1933லேயே அளந்து எழுதிவிட்டார்கள். பேஸ் கிதாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸ் சுமாரில் பேசுகிறது; காலால் மிதிக்கிற பெரிய டிரம்மும் அந்த வட்டாரத்து ஆசாமிதான். இவை இரண்டும் போய்விட்டால் ராக்கில் மிஞ்சுவது கிதாரின் பிறாண்டலும் பாடகரின் கத்தலும். உடனே கை தானாகச் சத்தத்தை ஏற்றப் போகும். ஆகையால் மெதுவாகக் கேட்கிறவனுக்கு அடி ஸ்வரம் கொஞ்சம் தாராளமாக உள்ள கருவிதான் தகும். கொஞ்சம் என்பதை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். கடைகளில் பெரும்பாலும் மாட்டிக் காட்டுவது அடியையும் உச்சியையும் ஊதிப் பெருக்கி நடுவைப் பட்டினி போட்ட கருவி. கிதாரும் குரலும் வாழ்வது அந்த நடுவில்தானே?

அடுத்தது மூடியதா, திறந்ததா என்ற வழக்கு. மூடிய ஹெட்போன் வெளிச் சத்தத்தைத் தடுக்கும். பஸ்ஸில் இருந்தால் அதுவே தர்மம். வெளி இரைச்சலை எதிர் ஒலியால் அமுக்குகிற வகையும் உண்டு. ஒரே சீராக உறுமுகிற பஸ் எஞ்சினை அது அழகாக விழுங்கிவிடும். அதனால் பாட்டை ஏற்ற வேண்டிய அவசியம் குறைகிறது. கம்பெனி பஸ்ஸுக்கு அப்படி ஒன்று வாங்கிக்கொள் என்று சொல்லிவிட்டேன். வீட்டு விஷயம் வேறு. வீட்டில் என் தாயார் இருக்கிறாள். எண்பத்து மூன்று வயது. இராத்திரி இரண்டு தடவை எழுந்திருப்பாள். அவள் அறைக்கு அடுத்தது இவன் அறை. “கண்ணு” என்று கூப்பிட்டால் அவளைப் பிடித்துக்கொள்ள ஓடுகிறவன் இவன்தான். மூடிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவனுக்கு அந்தக் கூப்பாடு எட்டாது.

திறந்த வகையில் ஒலி முன்னும் பின்னும் தாராளமாகப் போகும், வரும். பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு ‘டிஷ், டிஷ்’ என்று சிம்பல் ஓசை கேட்கும். பக்கத்து அறைக்குப் போகாது. வாசிப்பு மண்டைக்குள் அடைபட்ட மாதிரி இல்லாமல், கொஞ்சம் எதிரே விலகி நின்று நடப்பது போல் இருக்கும். குறை, அடி ஸ்வரம் சற்று மெலிந்திருக்கும். தவிர, மின்விசிறிச் சத்தத்தை அப்படியே உள்ளே விடும். விசிறியை மூன்றிலிருந்து ஒன்றுக்கு இறக்கினால் பாட்டையும் இறக்கலாம் என்று கண்டுபிடித்தோம். நாவலூரில் மே மாதத்தில் இது தியாகம்தான்.

சீதோஷ்ணம் என்றதும் இன்னொன்று. காதைச் சுற்றி அமரும் மெத்தை சில ஹெட்போன்களில் தோல் மாதிரியான ரெக்ஸினால் ஆனது. ஜெர்மனியில் அது எத்தனை வருஷம் உழைக்குமோ, நம் கடற்கரைப் புழுக்கத்தில் இரண்டாம் வருஷம் கருவேப்பிலைப் பொடி மாதிரி உதிர்ந்து கன்னத்தில் ஒட்டிக்கொள்ளும். வெல்வெட் துணி மெத்தை வேர்வையைக் குடிக்கும், கழற்றித் துவைக்கலாம். மாற்று மெத்தை கிடைக்கிறதா என்று கேட்காமல் எந்த ஹெட்போனையும் வாங்காதீர்கள். மூக்குக் கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியோடே பத்து நிமிஷம் மாட்டிப் பார்க்க வேண்டும். இரண்டாவது நிமிஷத்தில் எல்லாம் இதமாகத்தான் இருக்கும்.

ஒரு சனிக்கிழமை ரிச்சி தெருவுக்குப் போனோம். மவுண்ட் ரோட்டிலிருந்து திரும்பினால் தெரு முழுக்க வயரும் பெட்டியும். ஒரு கடைப் பையன், “இதைக் கேளுங்க சார், அடி எப்படி விழுதுன்னு பாருங்க” என்று தன் போனிலிருந்து ஏதோ டங்கு டங்கு என்று போட்டான். அந்தப் பாட்டில் எந்த ஹெட்போனும் தேறிவிடும். நமக்கு நூறு தடவை கேட்டுப் பழகிய பாட்டைத்தான் போட வேண்டும். இன்னொரு தந்திரம்: இரண்டு கருவிகளில் எது சற்றுப் பலமாக ஒலிக்கிறதோ அதுவே நல்லது என்று காது தீர்ப்புச் சொல்லிவிடும். இரண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிட வேண்டும். பையன் ‘டீப் பர்ப்பிள்’ கோஷ்டியின் 1972ஆம் வருஷத்து ‘மெஷின் ஹெட்’ தட்டைக் கொண்டு எல்லாவற்றையும் சோதித்தான். மெட்டாலிகாவின் 2008ஆம் வருஷத்து ‘டெத் மேக்னட்டிக்’ எதில் போட்டாலும் காதைக் குத்திற்று. அது ஹெட்போனின் குற்றமல்ல. சத்தத்தை அமுக்கி அமுக்கிக் கெட்டியாக்கிப் பதிவு செய்திருக்கிறார்கள் என்று அப்போதே ரசிகர்கள் முறையிட்ட தட்டு அது.

புரூக்ளினில் செய்யும் கிராடோ கிதாருக்குப் பேர்போனது. ஆனால் அதன் சிறிய மாதிரிகள் காதைச் சுற்றி அமராமல் காதின் மேலேயே உட்காருகின்றன. கண்ணாடி போட்ட பையன் கால் மணியில் கழற்றிவிட்டான். 1997இல் வந்த சென்ஹைசர் ஹெச்.டி. 600 திறந்த வகை, துணி மெத்தை, எல்லா உறுப்பும் தனித்தனியாக மாற்றத்தக்கது. ராக்குக்கு அது ரொம்ப மரியாதைப்பட்டது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அந்த மரியாதை பிடித்தது. நம் நோயாளிக்கு 4000 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் யாரும் கத்தாமலிருப்பது விசேஷம் அல்லவா? அடி ஸ்வரத்தை ஈக்வலைசரில் இரண்டு மூன்று டெசிபல் கூட்டிக்கொண்டான். ஆனால் அதன் மின்தடை 300 ஓம். சாதாரணப் போனின் சக்திக்கு முக்கி முனகும். தனியாக ஒரு சின்ன ஆம்பிளிபயரும் வாங்க நேர்ந்தது. அந்தச் செலவை நான் வரவேற்றேன். போனில் பொத்தானை அமுக்கி அமுக்கி எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் ஏறிவிடுவது போல் அல்ல, ஆம்பிளிபயரில் உருண்டையான குமிழ் இருக்கிறது. அதற்கு அடையாளம் வைக்கலாம்.

அடையாளம் வைத்த விதம் இதுதான். பையன் விசிறியை ஒன்றில் வைத்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கூட்டம் கூட்டமாக வாத்தியங்கள் முழங்குகிற இடத்தைப் போட்டு உட்கார்ந்தான். அம்மாவை அவள் கட்டிலில் படுத்தபடியே, வழக்கமான குரலில், கூப்பிடச் சொன்னேன்.

“சும்மாவா கூப்பிடறது? என்ன வேணும்னு கேட்டா என்ன சொல்ல?” என்றாள்.

“ஒன்றும் சொல்ல வேண்டாம் அம்மா, கூப்பிட்டால் போதும்.”

“கண்ணு” என்றாள். கேட்கவில்லை. குமிழைக் கொஞ்சம் இறக்கினான். “கண்ணு.” இல்லை. ஐந்தாம் தடவை அவள் கூப்பிட்டதும் பையன் தலையைத் திருப்பினான். அந்த இடத்தில் அவன் பெரியம்மாவின் நகப்பாலிஷால் சிவப்பாக ஒரு பொட்டு வைத்தோம். அதற்கு மேலே குமிழ் போவதில்லை.

ஆறு மாதம் கழித்து மறுபடி சோதித்தார்கள். கோடு அதே பள்ளத்தில் இருந்தது. இன்னும் கீழே இறங்கவில்லை. விசில் போகவில்லை. முழு நிசப்தத்தில்தான் அது உரக்கக் கேட்கிறது என்பதால், படுக்கப் போகும்போது விசிறியை மட்டும் மூன்றுக்கு ஏற்றிவிடுகிறான்.