புகைக்குழாயில் ஒரு சிறு கதவு

சாவியைத் திருப்பியவுடன் என் பைக்கின் இருக்கைக்கடியில் ‘விர்ர்’ என்றெழும் சிறு மோட்டாரின் நாதம் நாளடைவில் முனகலாகத் தேய்ந்து, மீட்டரில் மஞ்சள் விளக்கு நிரந்தரவாசம் கொண்டபோதுதான், அம்மோட்டார் திருப்பும், சைலன்சர் குழாயிலுள்ள வால்வு கரியேறி இறுகிவிட்டதென்பது எனக்கு விளங்கிற்று. எஞ்சின் மெதுவாகச் சுழல்கையில் பாதி மூடி இழுவைக்குத் துணைநின்று, வேகம் ஏறுகையில் முற்றும் திறந்து வழிவிடும் இவ்வேற்பாட்டை 1980களிலேயே யமஹா ‘எக்ஸப்’ என்னும் பெயரில் பிரசித்தப்படுத்தியது.

“கழட்டிப் போட்டுடலாம் சார், எஞ்சின் கம்ப்யூட்டரை ஏமாத்த ஒரு பிளக் இருக்கு” என்றார் மெக்கானிக். கழற்றினால் எழும் சப்தத்தில் மோகங்கொள்ளும் வாலிபப் பிராயம் கடந்துவிட்டபடியால் (அண்டை வீட்டாரின் சாபம் வேறு!), கேபிள்கள் இரண்டையும் விடுவித்து, வால்வுத் தண்டில் துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவைத்து, செம்பு கிரீஸ் தடவி, கேபிள் சுற்றும் கப்பியை விரலால் திருப்பினேன், அசைந்தது. விளக்கும் அணைந்தது.

மழைக்காலம் முடிந்ததும், எஞ்சின் ஆறியிருக்கையில், உங்கள் வண்டியில் இவ்வால்வு இருந்தால் அதன் கப்பியையும் ஒருமுறை அசைத்துப் பாருங்கள்.