பிரியாணிக்குப் பின் பூட்ஸ்

ஆம்பூர் என்றதும் உங்கள் நாக்கில் என்ன ஊறுகிறது என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் பொறுங்கள். நான் போனது வயிற்றுக்காக அல்ல, காலுக்காக. அதுவும் என் காலுக்காக இல்லை. அக்கா மகன் காலுக்காக.

பையன் ஒரு மேம்பால வேலையில் சைட் எஞ்சினியர். காலை ஏழு மணிக்கு ஜல்லி மேல் ஏறினால் இருட்டிய பிறகுதான் இறங்குவான். சேர்ந்த அன்று ஸ்டோர்ஸில் எட்டாம் நம்பர் தீர்ந்துபோயிருந்ததால், 'அட்ஜஸ்ட் பண்ணிக்க தம்பி' என்று ஏழாம் நம்பர் சேஃப்டி ஷூவைக் கொடுத்திருக்கிறார்கள். தம்பி அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்டான். கட்டைவிரல் நகம் பண்ணிக்கொள்ளவில்லை. கறுத்து, சீழ் வைத்து, ஒரு நாள் சாக்ஸோடு கழன்று வந்துவிட்டது. அக்கா போனில் அழுதாள். "வேலையும் வேணாம் ஒண்ணும் வேணாம், வந்துடச் சொல்லுடா!"

நகத்துக்காக வேலையை விடுவதா? ஒரு ஞாயிற்றுக்கிழமை பையனை இழுத்துக்கொண்டு ரயில் ஏறிவிட்டேன்.

சென்னையிலிருந்து சுமார் 180 கிலோமீட்டர். முன்பு வேலூர் மாவட்டம்; 2019 நவம்பரிலிருந்து திருப்பத்தூர் மாவட்டம். மாவட்டம் மாறினாலும் தொழில் மாறவில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டி வரிசையாகத் தோல் ஊர்கள். வேலை நாளில் வந்தால் காலையிலும் மாலையிலும் கம்பெனி பஸ்கள் நிறையப் பெண்கள் போவதைப் பார்க்கலாம். ஐரோப்பாவில் யாரோ ஒரு துரை போட்டு நடக்கிற ஷூவின் மேல்பாகத்தைத் தைத்தது பக்கத்துக் கிராமத்துப் பெண்ணாக இருக்கும்.

இந்த ஊர்க் கடைகளில் 'எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்', 'எக்ஸ்போர்ட் ரிஜெக்ட்' என்று இரண்டு வார்த்தை அடிக்கடி காதில் விழும். சர்ப்ளஸ் என்றால் ஆர்டருக்கு மேல் மிஞ்சியது. ரிஜெக்ட் என்றால் வெளிநாட்டுக்காரன் ஏதோ நொட்டை சொல்லித் தள்ளியது. நாங்கள் நுழைந்த கடை பாய் வெள்ளைத் தாடிக்காரர். பையனின் காலைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். மணி பதினொன்று.

"இப்ப அளந்தா சரியா வராது சார். காலையில கால் சின்னதா இருக்கும். போயி சாப்பிட்டு, நல்லா நடந்துட்டு, அஞ்சு மணிக்கு வாங்க. தம்பி, சைட்டுல போடுற சாக்ஸ் கொண்டாந்திருக்கியா?"

வந்த கிராக்கியை வெளியே அனுப்புகிற கடைக்காரரை நான் அன்றுதான் பார்த்தேன்.

ஆக, பிரியாணி. சீரகச் சம்பா அரிசி, காய்ந்த மிளகாய் விழுது, பக்கத்தில் புளிப்பாக ஒரு கத்தரிக்காய். இதற்கு மேல் எழுதினால் எடிட்டர் வேறு பக்கத்துக்கு மாற்றிவிடுவார்.

சாப்பிட்டது செரிக்க பாலாற்றுப் பக்கம் நடந்தோம். ஆறு என்று சொல்லக்கூடாது; மணல், முள், நடுவில் எங்கேயோ ஒரு கறுப்புக் கோடு. பச்சைத்தோல் கெடாமல் இருக்க உப்புப் போடுகிறார்கள். அந்த உப்பும், தோல் பதனிடுகிற ரசாயனமும் பல வருடமாக ஆற்றிலும் கிணற்றிலும் இறங்கின. முன்பெல்லாம் ஆவாரம் பட்டை, கடுக்காய் போட்டு வாரக்கணக்கில் ஊறவைத்துப் பதனிடுவார்கள். குரோமிய உப்பு வந்த பிறகு அதே வேலை ஒரு நாளில் முடிகிறது. (சென்னையில் குரோம்பேட்டை என்று ஓர் ஊர் இருக்கிறதே, அந்தப் பெயர் ஒரு குரோம் லெதர் கம்பெனியால் வந்ததுதான்!) 1996 ஆகஸ்ட்டில் சுப்ரீம் கோர்ட், மாசுபடுத்தியவன்தான் செலவையும் ஏற்க வேண்டும் என்று சொல்லி, தோல் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் போட்டது. சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் அப்படி ஒரு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் சேறு பாய்ந்தது. 10 பேர் செத்துப்போனார்கள்.

பையன் மணலையே பார்த்துக்கொண்டிருந்தான். "மாமா, வருஷத்துக்கு மூணு ஜோடி வாங்கறதுக்கு, மூணு வருஷத்துக்கு ஒரு ஜோடி வாங்கலாம்" என்றான். அவன் எஞ்சினியர், கணக்கு சரியாகத்தான் இருக்கும்.

அஞ்சு மணிக்கு பாய் தரையில் வெள்ளைப் பேப்பர் விரித்தார். பையன் சாக்ஸோடு அதன்மேல் நின்றான். உட்கார்ந்து அளந்தால் பாதம் விரியாதாம். பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து இரண்டு காலையும் வரைந்தார். வலது பாதம் இடதைவிட அரை சென்டிமீட்டர் நீளம்!

"பயப்படாத தம்பி, முக்காவாசிப் பேருக்கு இப்படித்தான். பெரிய காலுக்குத்தான் ஷூ வாங்கணும்."

நம் ஊர் நம்பர், இங்கிலாந்து நம்பர். ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் வித்தியாசம் மூன்றில் ஒரு பங்கு அங்குலம், அதாவது எட்டரை மில்லிமீட்டர். ஒரு பார்லி மணியின் நீளமாம் அது. வெள்ளைக்காரன் காலைத் தானியத்தால் அளந்திருக்கிறான். ஐரோப்பிய நம்பர் என்றால் நம்முடைய 8 அங்கே ஏறக்குறைய 42. அமெரிக்க நம்பர் என்றால் 9. ரிஜெக்ட் கடைகளில் மூன்றும் கலந்து கிடக்கும். அடிப்பாகத்தில் எந்த ஊர் நம்பர் என்று பார்க்காமல் காசை நீட்டாதீர்கள்.

நம்பர் நீளத்தைத்தான் சொல்லும், அகலத்தைச் சொல்லாது. நம் ஆட்கள் பாதம் பொதுவாக அகலம். அடையாறில் இருக்கிற மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் நாடு முழுக்க லட்சம் பேர் பாதத்தை அளந்து, 'ப' என்று இந்தியாவுக்கே தனி அளவுமுறை ஒன்றைத் தயாரித்த செய்தி 2024-இல் வந்தது. அகலம் பற்றாமல் ஒரு நம்பர் பெரிதாக வாங்குகிறோமே, அதனால்தான் ஷூ மடிகிற இடமும் பாதம் மடிகிற இடமும் ஒத்துப்போவதில்லை. பாய் அதைத்தான் முதலில் பார்த்தார். பையனை முன்காலில் எம்பச் சொல்லி, மடிப்பு விரல் அடி மேட்டில் விழுகிறதா என்று குனிந்து பார்த்தார். பிறகு விரல் நுனிக்கும் ஷூ நுனிக்கும் நடுவே ஒரு கட்டைவிரல் அகலம். குதிகால் புதிதில் துளி எழும்பலாம், வழுக்கக்கூடாது.

"போகப் போக லூஸ் ஆயிடும்னு எவனாச்சும் சொன்னா நம்பாதீங்க சார். தோல் அகலத்துல கொஞ்சம் கொடுக்கும், நீளத்துல கொடுக்காது. முன்னாடி இரும்புத் தொப்பி வெச்ச பூட்ஸா இருந்தா அங்க சுத்தமா கொடுக்காது. இரும்பு எங்கயாவது இளகுமா?"

போன நகத்தின் கதை எனக்கு அப்போதுதான் முழுசாக விளங்கியது.

பையன் கண் ஒரு பளபளா ரிஜெக்ட் மேல் போயிற்று. பாதி விலை. பாய் கையைத் தட்டிவிட்டார். ஆபீசுக்கு ரிஜெக்ட் தாராளமாக வாங்கலாம். கீறலோ, நிறம் ஒட்டாததோ காரணமாக இருக்கும். இரண்டையும் மேஜையில் ஜோடியாக நிறுத்தி உயரம், நிறம், நம்பர் ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் போதும். சைட்டுக்கு மட்டும் கூடாது. எதற்காகத் தள்ளினார்கள் என்று யாருக்குத் தெரியும்? இரும்புத் தொப்பியே சரியில்லை என்றால்? ஐ.எஸ்.ஐ. முத்திரையும் 15298 என்ற எண்ணும் இருக்கிற பூட்ஸ்தான் வேண்டும். அந்தத் தொப்பி 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டும் என்பது விதி. சுமார் 20 கிலோ இரும்பு ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற அடி அது.

தோலைக் கட்டைவிரலால் அமுக்கினால் மெல்லிய சுருக்கங்கள் ஓடி, விட்டதும் மறைய வேண்டும். மேல்தோல் முழுசாக இருக்கிற தோல் அப்படித்தான். அமுக்கியும் பிளாஸ்டிக் வாளி மாதிரி அசையாமல் இருந்தால் மேலே பூச்சு தடிப்பு; ஆறு மாதத்தில் மடிப்பில் உரியும். 'ஒரிஜினல் லெதர்' என்று முத்திரை குத்தியிருப்பதை வைத்து ஒன்றும் தீர்மானிக்க முடியாது. அடித்தோலைப் பிளந்து பெயின்ட் அடித்ததும் சட்டப்படி லெதர்தானே! சோலைச் சுற்றி நூல் ஓடுகிறதா என்றும் பாருங்கள், ஆனால் அழகுக்கு வெறும் ரப்பரில் ஓட்டிய நூலும் உண்டு. நிஜமாகவே ஒரு தோல் பட்டையை வைத்துத் தைத்த 'வெல்ட்' என்றால் சோல் தேய்ந்ததும் பிரித்து வேறு மாட்டலாம். ஒட்டிய ஷூவுக்கு அது சிரமம்.

நாலாயிரத்துச் சொச்சம் ஆயிற்று. பேரம் பேசினேன். முன்னூறு குறைத்து, அதற்கு ஈடாக அரை மணி நேரம் உபதேசம் செய்தார்.

நனைந்தால் வெயிலில் வைக்காதே, அடுப்புப் பக்கம் கொண்டுபோகவே போகாதே, வெடித்துவிடும். உள்ளே நியூஸ் பேப்பரைக் கசக்கித் திணித்து ஃபேன் காற்றில் விடு. ஈரமான பேப்பரை மாற்று. சிமென்ட் தூசியை அன்றன்றைக்கே பிரஷ் போட்டு, ஈரத் துணியால் துடைத்துவிடு. தங்கினால் தோலை வறட்டிவிடும். மாதம் ஒரு தடவை கொஞ்சம் ஷூ க்ரீம், கையால் தேய்த்து, ராத்திரி முழுக்க விட்டு, காலையில் பிரஷ். பாட்டி சொன்னாள் என்று தேங்காய் எண்ணெய் வேண்டாம். தோல் கறுக்கும், தூசியெல்லாம் வந்து ஒட்டும். மழைக்காலத்தில் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். முடிந்தால் இரண்டு ஜோடி வைத்து மாற்றி மாற்றிப் போடு. வேர்வை காய ஒரு நாள் வேண்டும்.

"இன்னொண்ணு சார்" என்றார் பாய், பெட்டியைக் கட்டிக்கொண்டே. "ஹீல் தேய ஆரம்பிச்சதும் மாத்திடணும். தோல்வரைக்கும் தேஞ்சப்புறம் தூக்கிட்டு வந்தா நானும் ஒண்ணும் செய்ய முடியாது. உங்க தெருமுனையில தைக்கிறவர் இருப்பாரே, அவரைப் பழக்கம் பண்ணிக்கச் சொல்லுங்க."

பையனின் ரூம் இருக்கிற தெருமுனையில் ஒருவர் இருக்கிறார். முதல் தடவை ஹீல் மாற்ற எண்பது ரூபாய் கேட்டாராம், பூட்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்க வாங்கின?" என்று விசாரித்து அறுபது வாங்கிக்கொண்டாராம்.