பெட்டிக்கு வெளியே உட்காருகிற வேலை

ஆத்தூரில் பிரசவம், குழந்தையோ 108-ல் ஏறி சேலத்தில் இன்குபேட்டர் பெட்டிக்குள். தையல் வலியோடு தாய் இங்கே கட்டிலில் கிடப்பாள். 50 கிலோமீட்டருக்கு அப்பால் மோகன் குமாரமங்கலம் மருத்துவமனை வாசலில் தகப்பன் நிற்பார். குறைமாதத்தில் பெற்ற பலருக்கு முதல் நாள் இப்படித்தான், எனக்கும் அப்படித்தான். என் மகன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். அந்தத் தாய்மாரோடு உட்காருவதை நான் விடவில்லை. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சில விஷயங்கள்.

போனதும் எடை எவ்வளவு என்று கேட்காதீர்கள். வந்தவர் எல்லாரும் அதைத்தான் கேட்டிருப்பார்கள். "சாப்பிட்டியா கண்ணு? பால் பீச்சினியா?" போதும். குழந்தை பக்கத்தில் இல்லாவிட்டாலும் முதல் சில மணி நேரத்திலேயே ஆரம்பித்து, ராத்திரியும் சேர்த்து 3 மணிக்கொரு தடவை பீச்ச வேண்டும். சீம்பால் நாலு சொட்டுதான் வரும், அழுவாள். இப்போது பீச்சுவது அளவுக்காக அல்ல, பால் ஊறுவதற்காக என்று சொல்லுங்கள்.

பால் புகட்டும் பாலாடையைப் பிடிக்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு மூத்த சிஸ்டர். பேச்சு குறைவு; கையைப் பார்த்துத்தான் படிக்க வேண்டும். குழந்தை நன்றாக முழித்திருக்கணும், தலை உயர்ந்திருக்கணும். பாலாடை மூக்கு கீழுதட்டோரம் படும். ஊற்றக்கூடாது, பால் உதட்டைத் தொட்டால் குழந்தையே உறிஞ்சும். விழுங்கிய பிறகுதான் அடுத்த சாய்ப்பு. அவசரப்பட்டால் புரையேறும். தாயின் கை நடுங்கினால் சிஸ்டர் பாலாடையைப் பிடுங்க மாட்டார். அவள் மணிக்கட்டுக்குக் கீழே தன் கையைக் கொடுப்பார்.

குறைமாதக் குழந்தைக்கு முதல் வாரத்தில் பத்தில் ஒரு பங்குகூட எடை இறங்கும். பிறந்த எடையைப் பிடிக்க இரண்டு வாரம் ஆகலாம். இறங்குவதற்கு முன்பே இதைச் சொல்லிவையுங்கள். பிறகு சொன்னால் வெறும் ஆறுதலாகத்தான் காதில் விழும்.

"எட்டு மாசக் குழந்தை தங்காது" என்பார் பாட்டி. வாதாடாதீர்கள். டாக்டர் சரி என்றதும், பாட்டி நெஞ்சிலேயே குழந்தையைத் தொப்பி போட்டு, தவளைபோல் கால் மடக்கி, நிமிர்த்தித் துணியால் கட்டிவிடுங்கள். 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டாவில் பெட்டி பற்றாமல் தொடங்கிய கங்காரு முறை இது. ஒரு மணி நேரம் அந்தச் சூட்டைச் சுமந்த பாட்டி பிறகு அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

"என் பிள்ளை பிழைச்ச மாதிரி உன் பிள்ளையும் பிழைச்சுக்கும்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். எல்லாக் குழந்தையும் தேறுவதில்லை. தேறாத வீட்டுக்கும் நாம் போயாக வேண்டும். கொடுத்த வாக்கு அங்கே குறுக்கே நிற்கும். நடந்ததைச் சொல்லலாம். நடக்கப்போவதை டாக்டர் சொல்லட்டும்.

வீட்டுக்கு அனுப்பும்போது கண் பரிசோதனைத் தேதியைத் தகப்பன் போனில் ஏற்றிவிடுங்கள். 2 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்குப் பிறந்த 30 நாளுக்குள் அதைப் பார்த்தாக வேண்டும். விழித்திரைக் கோளாறு வெளியே தெரியாது. குழந்தை தேறிவிட்ட சந்தோஷத்தில் பலர் தவறவிடுவதும் இதைத்தான்.