கோபுரம் அழகா, 'ஓவரா'?

மதுரை தெற்குக் கோபுரத்தை முதன்முதலாகப் பார்க்கிற வெளியூர் ஆசாமிகள் இரண்டு வகை. 'ஆஹா!' என்று வாயைப் பிளக்கிறவர்கள் ஒரு வகை. 'கலர் கொஞ்சம் ஓவர் சார்!' என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் இன்னொரு வகை.

1559-ல் கட்டிய கோபுரம். ஒன்பது நிலை, சுமார் 170 அடி உயரம், 1,500-க்கு மேல் சுதைச் சிற்பங்கள். பச்சை, நீலம், ரோஸ் என்று பெயிண்ட் கடையில் உள்ள அத்தனை டப்பாவும் ஆஜர்!

உதடு பிதுக்கும் பார்ட்டிகளுக்கு ஒரு தகவல். வெள்ளை வெளேரென்று மியூசியத்தில் நிற்கும் கிரேக்கச் சிலைகள்தான் 'டீசன்ட்' அழகு என்று ஐரோப்பாவில் பல தலைமுறைக்குப் பாடமே நடந்தது. கிட்டே போய் உற்றுப் பார்த்தால், அந்தச் சிலைகளுக்கும் ஆதியில் பளிச்சென்று வர்ணம் பூசியிருக்கிறார்கள்! காலப்போக்கில் சாயம் போனதைத்தான் 'ஆஹா, என்ன எளிமை' என்று கொண்டாடியிருக்கிறார்கள்.

சரி, கலரை விடுங்கள். ஜேம்ஸ் ஃபெர்குசன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இந்தியக் கட்டடக் கலை பற்றி 1876-ல் ஒரு தடிமனான புத்தகம் போட்டார். தென்னாட்டுக் கோயில்களில் அவருக்கு ஒரு பெரிய குறை. வெளிக்கோபுரம் பிரம்மாண்டம், உள்ளே போகப் போக எல்லாம் சின்னது. இடைவேளைக்கு முன்பே கிளைமாக்ஸ் வந்துவிட்ட சினிமா மாதிரி!

காரணம் இருக்கிறது. பழைய சந்நிதியில் கை வைக்காமல், பின்னால் வந்தவர்கள் சுற்றிச் சுற்றி மதில் எழுப்பினார்கள். புதுக் கோபுரம் வெளியே வெளியே வளர்ந்தது. அதை வெளியே நின்று மட்டுமே பார்க்க முடிந்த ஜனங்களும் இருந்தார்கள். 1939 ஜூலை 8-ல் வைத்தியநாதய்யர் தலைமையில் ஆலயப் பிரவேசம் நடக்கும் வரை, தாழ்த்தப்பட்ட மக்களுக்கு மீனாட்சி கோயில் வாசல் திறக்கவில்லை. அந்த அநியாயத்துக்கு நடுவே அவர்கள் கண்ணுக்கு எட்டிய கோயில் அந்தக் கோபுரம்தான். ஃபெர்குசன் அந்த இடத்தில் நின்று பார்க்கவில்லை.

'அப்போ மதுரைக்காரங்களுக்கு ஜிகுஜிகுன்னு இருந்தாத்தான் பிடிக்குமோ?' என்று கேட்காதீர்கள். ஒத்தக்கடைக்கு ஒரு பஸ் பிடியுங்கள். படுத்திருக்கும் யானை போலவே ஒரு மொட்டைப் பாறை: ஆனைமலை. அடிவாரத்தில் 770-ம் வருஷத்துக் கல்வெட்டோடு நரசிங்கர் குடைவரை, மேலே சமணர் சிற்பங்கள். 2010-ல் இந்த மலையைச் செதுக்கிச் சிற்ப நகரமாக்கலாம் என்று அரசுத் தரப்பில் பேச்சு கிளம்பியது. சுற்றுக் கிராமத்து ஜனங்கள் 'எங்க மலை இப்படியே இருக்கட்டும்' என்று எதிர்த்து நின்றார்கள். யானை பிழைத்தது! கோபுரத்தில் ஒரு அங்குலம்கூடச் சும்மா விடாத அதே ஊர்தான், இங்கே உளியே படக்கூடாது என்றது.

ரசம், ரசனை இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். இங்கிலீஷ்காரனும் 'டேஸ்ட்' என்று நாக்கைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுகிறான். அவரவர் அம்மா வைத்த ரசம் அவரவருக்கு உசத்தி. அதில் பழக்கம் பாதி. ஆனால் ஊசிப்போன ரசத்தை எந்த வீட்டிலும் உசத்தி என்று சொல்வதில்லையே! ஆகவே எல்லாமே அவரவர் இஷ்டம் என்று தள்ளிவிடவும் முடியாது. ரெண்டு வாய் சாப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லலாம்.

அடுத்த லீவில் மதுரை போனால் தெற்குச் சித்திரை வீதியில் ஒரு அரை மணி நேரம் நில்லுங்கள். ஒன்பதாம் நிலை வரைக்கும் ஒவ்வொரு பொம்மையாகப் பாருங்கள். கழுத்து வலிக்கும். அதுக்கப்புறம் 'ஓவர்' என்று தோன்றினால், தாராளமாகச் சொல்லுங்கள் சார்!