எழுத்தாகிவிட்ட குறி

பாலாநகர்ப் பட்டறையிலிருந்து வந்த எஃகுத் தட்டில் ஆறு துளைகளின் வாயும் கூம்பாகக் குடையப்பட்டிருந்தது. ஆலன் போல்ட்டின் உருளைத் தலை அதில் அமர மறுத்துத் துருத்திக்கொண்டு நின்றது. ஹைதராபாத்தில் இயந்திரப் பொறியியலில் ஆய்வு செய்துவரும் அந்தத் தமிழ் மாணவி கேட்டிருந்தது கவுண்டர் போர்: 6.6 மில்லிமீட்டர் துளையின் மேல், 11 மில்லிமீட்டர் விட்டமும் 6.5 மில்லிமீட்டர் ஆழமும் கொண்ட, அடி தட்டையான பள்ளம். கிடைத்ததோ கவுண்டர் சிங்க். தவறு தம்முடையதே என்று பட்டறை மேஸ்திரி தொலைபேசியில் ஒப்புக்கொண்டு, கூலி வேண்டாம் என்றார். ஆய்வகமும் அதை மறுபேச்சின்றி நம்பியது.

மாணவிக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. பாலாநகர், 1968இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் மத்தியக் கருவி வடிவமைப்பு நிறுவனம் தோன்றிய இடம். அங்கே வரைபடம் படிக்கத் தெரியாத மேஸ்திரியைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். நேரில் சென்று பட்டறைக் கணினியில் தம் கோப்பைத் திறந்து பார்த்தார். விட்டக் குறி சரியாக இருந்தது. கவுண்டர் போர்க் குறி இருக்கவேண்டிய இடத்தில் ஆங்கில 'வி' நின்றது. ஆழக் குறி 'எக்ஸ்' ஆகியிருந்தது.

ஆட்டோகேடில் விட்டம், பாகை, கூட்டல்-கழித்தல் ஆகிய மூன்றுக்கும் இரண்டு விழுக்காட்டுக் குறிகளை அடுத்து ஓர் எழுத்தை இட்டால் மென்பொருளே குறியாக்கிவிடும். கவுண்டர் போருக்கும் ஆழத்துக்கும் அந்த வசதி இல்லை. குறிப்பின் நடுவே ஜி.டி.டி. எழுத்துருவுக்கு மாறி, 'வி' என்றும் 'எக்ஸ்' என்றும் தட்டச்சிடுவது பழைய வழக்கம். கோப்பில் பதிவாவது வெறும் எழுத்து. குறியின் உருவத்தை அதற்குத் தருவது எழுத்துரு. பட்டறையின் மென்பொருளில் அந்த எழுத்துரு இல்லை. இதில் கொடுமை, கவுண்டர் சிங்க்கின் முறையான குறியே 'வி' வடிவந்தான். மேஸ்திரி திரையில் இருந்ததைச் சரியாகவே படித்திருக்கிறார். 6.5 என்ற அளவு அந்தக் கூம்புக்குப் பொருந்தவில்லை என்பதையும் கவனித்திருக்கிறார். கேட்காமல் விட்டதைத்தான் தம் தவறு என்றார்.

பாமினியில் அடித்த ஆய்வேட்டை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்து பார்த்தவர்களுக்கு இத்துயரம் புதிதன்று. ஆனால் பாமினி சிதைந்தால் பக்கம் முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகி, சிதைவு தன்னைத் தானே அறிவித்துவிடும். வரைபடக் குறிப்பில் தனித்து நிற்கும் எழுத்துக்கோ ஒரு பொருள் வந்துவிடுகிறது. யுனிகோடில் கவுண்டர் போருக்கும் கவுண்டர் சிங்க்குக்கும் தனித்தனிக் குறியெண்கள் உண்டு, நம் 'மேற்படி'க் குறியான ௸ என்பதற்கு இருப்பதைப் போலவே. அவற்றை இட்டிருந்தால், எழுத்துருவில் உருவம் இல்லாதபோது பெரும்பாலும் வெற்றுக் கட்டமே தெரிந்திருக்கும். வெற்றுக் கட்டத்தைக் கண்டு யாரும் உளியை எடுப்பதில்லை, தொலைபேசியைத்தான் எடுப்பார்கள்.

தட்டு வீணாகவில்லை. கூம்பின் வாய் 11 மில்லிமீட்டருக்குள் அடங்கியிருந்ததால், கவுண்டர் போர் வெட்டியபோது அது முழுதும் மறைந்துபோயிற்று. "அன்னா, பிழை என் கோப்பில்தான் இருந்தது" என்று மாணவி சொன்ன பிறகும் மேஸ்திரி பணத்தை வாங்கத் தயங்கினார். இரு வேலைகளுக்கும் தனித்தனி ரசீது எழுதி வாங்கிக்கொண்டு மாணவி திரும்பினார். இரண்டாம் ரசீதுக்கு ஆய்வக அலுவலகம் காரணம் கேட்டது. படிவத்தில் 'வரைபடப் பிழை' என்று எழுதி, கீழே தம் பெயரை இட்டார்.